பூச்சியுண்ணும் அபூர்வச் செடிகளைக் கொடுத்து வாங்கும் முறை

நெல்லும் நிலக்கடலையும் கரும்பும் பயிர் செய்யும் ஆரணி தாலுகாக் குடியானவர்களுக்கும், அவர்தம் கிராமங்களின் நிர்வாகத்தைக் கவனிக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும், ஈயையும் கொசுவையும் தின்று வாழும் ஒரு செடியைப் பற்றி என்ன கவலை என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. இச்செடிகளால் களத்துமேட்டில் ஒரு மூட்டை நெல்லும் கூடப்போவதில்லை. ஆயினும் சில காலமாக, ஆரணி டவுனில் பட்டு நெசவு செய்யும் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர் சிலரும், வெளியூர்களிலிருந்து வருவோர் சிலரும், இச்செடிகளைத் தொட்டியில் வைத்து வளர்ப்பதில் பிரியங்கொண்டு, ஏரியோரங்களிலும் வயல் வரப்புகளிலும் அவற்றைத் தேடி வருகின்றனர். நிலத்துக்குடையவரை அவர்கள் அனுமதி கேட்கும்போது, "களைதானே, வேண்டியமட்டும் பிடுங்கிக்கொண்டு போங்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. தாராள மனத்தோடு சொல்லப்படும் இவ்விடையினால் கொடுப்பவருக்கும் நன்மையில்லை, கொள்பவருக்கும் நன்மையில்லை, செடிக்கோ முழு நாசம். இது ஏன் என்பதையும், கொடுப்பதாயின் எதை, எப்பொழுது, எவ்வாறு கொடுக்கவேண்டும் என்பதையும் விளக்குவதே நமது நோக்கம்.

செடி பூச்சியைத் தின்பதற்குக் காரணம் பசியன்று, மண்ணின் வறுமையே. பயிருக்குத் தழைச்சத்தும் மணிச்சத்தும் இன்றியமையாதவை என்பதைக் குடியானவருக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. எப்பொழுதும் நீர் கசிந்து, சத்தெல்லாம் கரைந்தோடிவிட்ட மணற்பாங்கான நிலத்தில் இச்சத்துக்கள் மிகக் குறைவு. அங்கே மற்றப் புல்பூண்டுகள் செழித்து வளரமாட்டா. அந்நிலத்தையே தமக்கு இருப்பிடமாகக் கொண்ட சில செடிகள், வேரினால் பெறமுடியாத சத்தை இலையினால் பூச்சிகளைப் பிடித்துப் பெறுகின்றன. மாவுச்சத்தை மற்றப் பயிர்களைப் போலவே வெயிலைக் கொண்டு தாமே செய்துகொள்கின்றன. எனவே பூச்சி அவற்றுக்குச் சோறன்று, எருவென்றே கொள்ளவேண்டும். சார்லஸ் டார்வின் என்னும் ஆங்கில அறிஞர் பல ஆண்டுகள் சோதனை செய்து 1875-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், பனித்துளிச் செடியின் இலைமீது பலவிதப் பொருள்களை வைத்து, தழைச்சத்து உள்ளவற்றுக்கே இலை மிகுதியும் வளைந்து கொடுக்கிறது என்பதைக் காட்டினார்.

நம் நாட்டுச் சமவெளிகளில் காணக்கூடிய பனித்துளிச் செடிகள் இரண்டு. ஒன்று ட்ரோசீரா பர்மன்னி. தரையோடு தரையாகப் படிந்து, ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் வட்டமாக இலை விரித்து, நடுவிலிருந்து மெல்லிய காம்பில் வெண்ணிறப் பூக்களைத் தாங்கி நிற்பது. இலையின்மேல் சிவந்த மயிர்கள் நிறைந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி வெயிலிலும் காயாமல் மின்னும். சிறு பூச்சி ஒட்டிக்கொண்டால் ஓரத்து மயிர்கள் சில நொடிகளுக்குள்ளேயே உட்புறமாக மடங்கி அதைப் பற்றிக்கொள்ளும். இதன் இனத்தில் இவ்வளவு விரைவுள்ளவை மிகச் சிலவே. இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1737-இல் நூல் வெளியிட்ட யோஹான்னஸ் பர்மன் என்னும் டச்சு அறிஞரின் பெயரை, 1794-இல் வால் என்னும் டென்மார்க் தேசத்துப் பண்டிதர் இதற்குச் சூட்டினார். மற்றொன்று ட்ரோசீரா இண்டிகா. இது நிமிர்ந்து ஒரு சாண் உயரம் வளரக்கூடியது. இலைகள் நூல்போன்றவை. பூ வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். சித்த மருத்துவத்தில் வழங்கும் அழுகண்ணி என்னும் பெயரை இப்பனித்துளிச் செடிகளுக்கு இட்டுச் சொல்வோர் உளர். அப்பெயரால் வேறு பூண்டைக் குறிப்போரும் உளராதலின், பெயரை மட்டும் நம்பிச் செடியை மருந்துக்குக் கொள்ளலாகாது. நீலகிரி, கொடைக்கானல் முதலிய மலைகளில் வளரும் ட்ரோசீரா பெல்ட்டேட்டா நிலத்துக்கடியில் சிறு கிழங்கு வைத்து ஆண்டுதோறும் தளிர்ப்பது. அது நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றதன்று.

இவையன்றி ஏரி, குட்டை, தேங்கிய நெல்வயல் ஆகியவற்றில் மிதந்து கிடக்கும் பைப்பூண்டுகளும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே. யூட்ரிகுலேரியா என்பது இவற்றின் சாஸ்திரப் பெயர். மஞ்சட்பூவைத் தண்ணீருக்குமேல் நீட்டிக்கொண்டு, கீழே பாசிபோல் பரந்திருக்கும் கொடியைக் கையிலெடுத்துப் பார்த்தால், கடுகளவும் அதற்குக் குறைந்த அளவுமான பைகள் நூற்றுக்கணக்கில் தொங்கக் காணலாம். ஒவ்வொரு பைக்கும் ஒரு கதவு உண்டு. கதவோரத்து மயிரை நீர்ப்பூச்சி தீண்டியதும் கதவு உட்புறம் திறந்து, நீரும் பூச்சியும் உள்ளே இழுக்கப்பட்டு, கதவு மூடிக்கொள்ளும். இவ்வளவும் நடப்பதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே ஆவதாகக் கணித்திருக்கின்றனர். நெல்லுக்கு இதனால் பெருந்தீங்கும் இல்லை, பெருநன்மையும் இல்லை. கொசுவின் புழுக்கள் சில இதற்கு இரையாவது மெய்யே. அதைக்கொண்டு கொசு ஒழிப்புக்கு இப்பூண்டை வளர்க்கலாம் என்று எழுதுவோரின் உற்சாகத்தை நாம் பின்பற்ற விரும்பவில்லை.

பிடுங்கிக் கொடுப்பதில் உள்ள கேடு

நிற்க. "பிடுங்கிக்கொண்டு போங்கள்" என்பதில் உள்ள தவறு யாது? சமவெளியின் பனித்துளிச் செடிகள் இரண்டும் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஓராண்டுப் பூண்டுகளாகவே வாழ்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் நிலம் நனைந்தபின் முளைத்து, பனிக்காலத்தில் பூத்து, மாசி பங்குனியில் விதையுதிர்த்து, கோடை பிறந்ததும் மடிகின்றன. அடுத்த மழைக்கு மண்ணில் மிஞ்சியிருப்பது விதை ஒன்றே. செடியைத் தேடி வருவோரோ அது பூத்து அழகாயிருக்கும் தை மாதத்தில் வருகின்றனர். அப்பொழுது நூறு செடிகளைப் பெயர்த்தெடுத்தால், எடுத்தவை நூறல்ல, அவை சொரியவிருந்த ஆயிரக்கணக்கான விதைகளும் அவற்றோடு போயின. நெல்லைப் பால்பிடிக்கும் பருவத்தில் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, அடுத்த போகத்துக்கு விதைநெல் எங்கே என்று தேடுவதற்கு ஒப்பாகும் இது.

பெயர்த்தெடுத்த செடியாவது பிழைக்கிறதா? அதுவும் அரிது. இதன் வேர் நொய்யது. மண்கட்டி உதிர்ந்தால் வேர் அறும். பையில் போட்டு வண்டியில் வைத்துக் கொண்டுபோவதற்குள் இலையின் பசை மண்ணில் தோய்ந்து செடி சோர்ந்துவிடும். பிழைத்தாலும் அதன் ஆயுள் இரண்டொரு மாதமே. வாங்கிப்போனவர், தம் கைப்பக்குவம் போதவில்லை என்றெண்ணி மறுபடியும் தேடி வருகிறார். இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு நடந்த ஏரியோரத்தில் நான்காவது ஆண்டு தேடுவதற்கே ஒன்றும் இராது.

ஆள் பிடுங்குவதால் மாத்திரம் இவை அருகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேட்டு வயலில் இடும் யூரியாவும் டி.ஏ.பி.யும் கசிவுநீரில் இறங்கி, அவ்வறிய நிலத்தைச் சத்துள்ளதாக்கிவிட்டால், கோரையும் அருகும் அதை மூடிக்கொள்ளும். வெயிலை நம்பி வாழும் இச்சிறு பூண்டு நிழலில் மடியும். தூர் வாரிய வண்டலை ஓரத்தில் கொட்டுவதும், தரையைச் சமன்செய்து மண் நிரவுவதும் அவ்வாறே. எருவினால் சாகும் செடி ஒன்று உண்டென்பது குடியானவர்க்கு நூதனமாகத் தோன்றலாம். உண்மை அதுவே.

நீரும் மண்ணும்

ஆரணியில் நெசவுத்தொழில் செய்யும் ஒருவர், தம் வீட்டு மாடியில் சிறு தொட்டிகளில் பனித்துளிச் செடி விதைகளைத் தூவி, நன்றாய் முளைக்கக் கண்டும், ஒரு மாதத்துக்குள் அத்தனையும் கருகிப் போனதாக நம்மிடம் வந்து சொன்னார். பூச்சி கிடைக்கவில்லையோ என்று எறும்பைப் பிடித்துப் போட்டும் பயனில்லை என்றார். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை அவர் நாள்தோறும் வார்த்து வந்திருக்கிறார். இச்செடிகளுக்கு நீரில் கரைந்த உப்புக்கள் ஆகா. பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேற்படாத உப்புள்ள நீரே வேண்டும் என்பது வளர்ப்போர் அனுபவம். மழைநீர் மிகவும் சிறந்தது. மாடியில் விழும் மழையைத் துணியிட்டு வடித்துப் பீப்பாயில் மூடி வைத்துக்கொண்டால், இரண்டு டஜன் தொட்டிகளுக்குக் கோடைவரை போதும். அது தீர்ந்தால், சவ்வூடு சுத்திகரித்து விற்கும் குடிநீரைக் கொள்ளலாம். பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்த நீரும், சாயம் தோய்த்த நீரும், எவ்வளவு தெளிந்திருந்தாலும் இத்தொட்டிகளின் அருகே வரலாகாது. அவர் மழைநீருக்கு மாறியபின் இரண்டாவது விதைப்பு நன்றாக வந்தது.

மண்கலவைக்குத் தோட்ட மண்ணும் தொழுவுரமும் கூடா. தென்னைநார்க் கழிவை மழைநீரிலோ சுத்தநீரிலோ ஏழெட்டுத் தடவை ஊறவைத்துப் பிழிந்து, அதன் உப்பும் சாயமும் போகும்வரை கழுவி, அதே அளவு கழுவிய ஆற்றுமணலோடு கலந்துகொள்ளவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பீட் பாசியையே பலரும் விரும்புகின்றனர். அதன் விலைக்கு நம் நார்க்கழிவு தாழ்ந்ததன்று என்பது நமது எண்ணம், கழுவுவதில் சோம்பலில்லாவிடின். தொட்டியின் கீழ் ஒரு தட்டை வைத்து அதில் விரற்கடை ஆழம் நீர் நிற்கச் செய்தால், நீர் கீழிருந்து ஏறும். விதை தூசியைப் போன்றதாதலின் மேலே தூவுவதோடு விட்டுவிடவேண்டும், மண்ணால் மூடலாகாது. மூடினால் வெளிச்சமின்றி முளைப்பதில்லை. காலை வெயில் நேரே படவேண்டும். சித்திரை வைகாசிப் பகல் வெயிலுக்கு மாத்திரம் மெல்லிய நிழல்வலை போதும். எருவாக எதையும் இடவேண்டா. பூச்சியையும் நாம் பிடித்துப் போடவேண்டா, அது தானே வரும்.

கொடுத்து வாங்குதல்

இவ்வாறு வளர்ந்த பத்துச் செடிகள் ஒரு பருவத்தில் தம் மகரந்தத்தாலேயே கருவுற்று, ஒருவருக்கு வேண்டியதைக் காட்டிலும் பன்மடங்கு விதை தரும். கொடுக்கத்தக்கது இவ்விதையே. நிலத்திலிருந்து முதன்முறை எடுக்கவேண்டியிருப்பினும், செடியைத் தொடாமல், முற்றிக் காய்ந்த காய்கள் சிலவற்றை மட்டும் கிள்ளி, அவ்விடத்துக் காய்களில் பத்தில் ஒன்றுக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்வது போதுமானது. பிறகு அந்த நிலத்துக்கு ஒருவரும் போகவேண்டிய அவசியமே இல்லை. தொட்டியிலிருந்து தொட்டிக்கு விதை செல்லும்.

குடியானவருக்கு இது புதிய தர்மமன்று. திருவாரூர் ஜில்லா ஆதிரெங்கத்தில் 2006-ஆம் ஆண்டு முதல் நெல் திருவிழா நடத்திவந்த காலஞ்சென்ற நெல் ஜெயராமன், பாரம்பரிய நெல் ரகத்தில் 2 கிலோ விதையைக் கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும்படி கேட்டார். ஒருவர் களஞ்சியத்தில் மட்டும் இருந்திருந்தால் ஒரு வெள்ளத்திலோ ஒரு புழுவெட்டிலோ அழிந்திருக்கக்கூடிய ரகங்கள், அவ்வாறு பல ஊர் வயல்களில் பரவி நின்றன. பூச்சியுண்ணும் செடி வளர்ப்போர் உலகெங்கும் இம்முறையையே கைக்கொண்டிருக்கின்றனர். அமெரிக்காவில் 1972-ஆம் ஆண்டில் ஒரு சிறு செய்தித்தாளாகத் தொடங்கிப் பெருகிய சர்வதேச ஊனுண்ணித் தாவரச் சங்கம் ஒரு விதைக் களஞ்சியம் வைத்திருக்கிறது. அங்கத்தினர் தம் தொட்டியில் விளைந்த விதையை அனுப்பினால், அதற்கு ஈடாக வேறு விதைகளைப் பெறலாம். வெளிநாட்டிலிருந்து விதையோ செடியோ தருவிப்பதற்கு, 2003-ஆம் ஆண்டு தாவரத் தொற்றுத்தடை உத்தரவின்படி இறக்குமதி அனுமதிச் சீட்டும், அனுப்பும் தேசத்தின் தாவர சுகாதாரச் சான்றும் தேவை என்பதை நம்மவர் மறக்கலாகாது. கடிதத்துக்குள் மறைத்து வரும் ஒரு சிட்டிகை விதையோடு ஒரு புதிய நோயும் வரலாம்.

கொடுத்து வாங்குவதன் அருமை பனித்துளிச் செடியைக் காட்டிலும் குடுவைச் செடியில் நன்கு விளங்கும். மேகாலயத்தின் காரோ, காசி, ஜைந்தியா மலைகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானா என்பதே இந்தியாவில் இயற்கையாக உள்ள ஒரே குடுவைச் செடி. இலையின் நுனி கொடிபோல் நீண்டு, மூடியோடு கூடிய ஒரு செம்புபோல் தொங்கும். உள்ளே நீர் இருக்கும். விளிம்பின் வழுவழுப்பில் கால் தவறிய பூச்சி அதில் விழுந்து கரையும். காரோ மக்கள் இதனை மேமாங் கோக்சி என்கின்றனர், பேயின் கூடை என்பது அதன் பொருள். ஜோசப் டால்டன் ஹூக்கர் 1873-இல் இதற்குச் சாஸ்திரப் பெயர் இட்டார். இலங்கையின் ஈரக்காடுகளில் வேறொரு குடுவைச் செடி உண்டு. சிங்களவர் அதனைப் பந்துரா என்பர்.

பனைமரத்தில் ஆண்பனை வேறு, பெண்பனை வேறு என்பதை நாம் அறிவோம். குடுவைச் செடியும் அத்தகையதே. ஆண்செடி பூக்கும், காய்க்காது. பெண்செடி ஆண்செடியின் மகரந்தமின்றி விதை வைக்காது. ஒருவரிடம் எவ்வளவு அழகான செடி ஒன்று இருப்பினும், அவர் அதைப் பூட்டி வைத்திருக்கும் வரையில் அது மலடே. இவர் வீட்டு ஆண்செடியும் இருபது மைலுக்கப்பால் ஒருவர் வீட்டுப் பெண்செடியும் ஒரே காலத்தில் பூத்து, மகரந்தத்தைத் தாளில் மடித்துக் கொண்டுபோய்த் தடவினாலன்றி வம்சம் விருத்தியாகாது. அப்படிக் கிடைக்கும் விதையும் நெடுநாள் வைத்திருக்கத் தக்கதன்று. சில வாரங்களில் முளைப்புத்திறன் குன்றத் தொடங்கும். ஆகையால் விளைந்தவுடன் பங்கிடவேண்டும். இரண்டு மூன்று கணுவுள்ள தண்டை வெட்டி நட்டும் வளர்க்கலாம், ஆனால் அது தாய்ச்செடியின் மறுபதிப்பேயாகையால் ஆண் எப்பொழுதும் ஆணே. வெட்டுத்தண்டுகளையே பரிமாறிக்கொண்டு, ஓர் ஊரில் உள்ள ஐம்பது தொட்டிகளிலும் ஒரே செடி நிற்பதாக முடிவதும் உண்டு. அதனைச் செடிப் பெருக்கம் என்று எண்ணி மகிழ்வது கணக்குப் பிழையாகும்.

இச்செடி விஷயத்தில் சட்டத்தையும் அறிந்திருக்கவேண்டும். நிலக்கரிச் சுரங்கம், காடழிப்பு, விற்பனைக்காகப் பறித்தல் ஆகியவற்றால் இது மேகாலயத்தில் வெகுவாக அருகிவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையில் இது முதல் அட்டவணையைச் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 1991-இல் செய்த திருத்தத்தின்மூலம், பறிக்கலாகாத ஆறு தாவரங்களுள் ஒன்றாக இது சேர்க்கப்பட்டது. காட்டிலிருந்து பெயர்த்தல் குற்றம் என்பதோடு, உரிமமின்றி வளர்த்தலும் விற்றலும் அச்சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே இதை வளர்க்க ஆசைப்படுவோர் முதலில் வனத்துறையினரை அணுகி, உரிமம் பெற்ற இடத்திலிருந்தே ரசீதுடன் பெறவேண்டும். நண்பர் கொடுத்தார் என்பது இங்கே போதிய சமாதானமன்று. செல்வம் மிகுந்த தேசத்திலும் இத்தொல்லை உண்டு. ஈயைக் கவ்வும் வீனஸ் பொறிச்செடி, அமெரிக்காவில் வட தென் கரோலினா மாகாணங்களின் கடலோரத்தில் வில்மிங்டன் நகரைச் சுற்றி ஏறக்குறைய 100 மைலுக்குள் மட்டுமே இயற்கையாக உள்ளது. ஆய்வுக்கூடத்தில் லட்சக்கணக்காகப் பெருக்கி மலிவாக விற்கப்பட்ட போதிலும், திருடிப் பறிப்போர் ஓயாமையால், 2014-இல் வட கரோலினா அரசாங்கம் அத்திருட்டைக் கடுங்குற்றமாக்கிற்று.

கொடுக்கக்கூடாத இடம்

கொடுத்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டியதன் பலனை நம் ஏரிகளே காட்டுகின்றன. தென் அமெரிக்காவிலிருந்து அழகிய ஊதாப்பூவுக்காக இந்தியாவுக்கு வந்த ஆகாயத்தாமரை, தோட்டக்குளத்திலிருந்து வெளியேறி வங்காளத்து ஆறுகளை அடைத்தமையால், அங்கே 1936-இல் அதற்கென்றே ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது. பூச்சியுண்ணும் வகுப்பிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஆல்ட்ரோவாண்டா என்னும் நீர்ப்பூண்டு, ஐரோப்பியர் முதன்முதல் இந்தியாவிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு 1696-இல் நூலில் குறித்தது. அது இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மிக அபூர்வமாகிவிட்டது. அதே பூண்டு, ஆர்வமுள்ள வளர்ப்போர் சிலர் அமெரிக்கக் குளங்களில் விட்டதனால், அங்கே சில மாகாணங்களில் பரவிநிற்கும் அந்நியச் செடியாயிற்று. காப்பாற்றும் எண்ணத்தோடு விட்டதாகவே அவர்கள் கருதியிருக்கலாம். ஆகவே தொட்டியில் வளர்ந்த அயல்நாட்டுச் செடியையோ, அதன் கழிவுநீரையோ, நம் ஏரி, கால்வாய், வயல் ஆகிய எதிலும் விடுதல் கூடாது. உள்நாட்டுச் செடியாயினும், வேறு ஜில்லாவின் விதையை நம் ஏரியோரத்தில் தூவிக் கலப்பது வேண்டா.

நிலமுடையோரும் உத்தியோகஸ்தரும்

பட்டாதாரர் செய்யத்தக்கது சிறிதே. தம் நிலத்தின் தாழ்வான மூலையில், எப்படியும் நெல் சரியாக வராத கசிவுமணல் துண்டு ஒன்று இருந்து, அதில் மார்கழி தை மாதங்களில் சிவந்த பசைத்துளிப் பூண்டு காணப்படுமாயின், அத்துண்டுக்கு எருவும் களைக்கொல்லியும் இடாமல், மேற்புறத்து உரநீர் அதில் இறங்காதபடி ஒரு சிறு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுவது போதும். மாடு மேய்வதைத் தடுக்கவேண்டா. உயர்ந்த புல்லை மாடு கடித்து வைப்பது இச்சிறு பூண்டுக்கு வெயில் கிடைக்க உதவுகிறது. இரண்டு சென்ட் நிலத்துக்கு மேல் இதற்குத் தேவைப்படாது. இதனால் ஆதாயம் யாது என்று கேட்பவர்க்கு, விதையிட்டு வளர்த்த தொட்டிச்செடிகளை நாற்றுப்பண்ணைக்குக் கொடுத்துச் சிறு தொகை பெறலாம் என்பதற்கு மேல் வாக்களிக்க நமக்கு உரிமையில்லை. இதைப் பெரும் வரும்படியாக வர்ணித்து விற்பனைக்காரர் வந்தால் நம்பவேண்டா.

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் கவனிக்கவேண்டியது ஏரிப் புறம்போக்கு. பட்டா நிலத்தில் உடையவர் அனுமதி தரலாம். புறம்போக்கில் எவரும் தாமாக அனுமதி தருவதற்கில்லை. ஜவ்வாது மலையின் காப்புக்காடுகளிலிருந்து ஒரு செடியையும் எடுக்கலாகாது என்பதை, 1882-ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் தமிழ்நாடு வனச்சட்டத்தைக் காட்டி வருவோர்க்குச் சொல்லலாம். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதிவரவேண்டும். பல பதிவேடுகளில் மா, வேம்பு, ஆல், அரசு என்று யாவரும் அறிந்தவையே நிரப்பப்பட்டிருக்கின்றன. அதில் இப்பூண்டுகளைக் கண்ட மாதமும் அவற்றின் தொகையும் எழுதி வைப்பது, பத்தாண்டுகளுக்குப்பின் அவை இருந்தனவா என்ற கேள்விக்கு விடையாக நிற்கும். இடத்தை மட்டும், சர்வே எண்ணோடு அனைவரும் காணும்படி எழுதி ஒட்டவேண்டா. செடியைக் காண வருவோரை எப்படி நடத்துவது என்பது அவரவர் விவேகம். நல்லெண்ணத்தோடு வருபவர் விதை கொடுத்தாலே மகிழ்வார். விதை வேண்டா, செடியே வேண்டும் என்று பிடிவாதம் செய்து பணமும் நீட்டுபவரை வரப்போடு திருப்பி அனுப்பிவிடுவதே நலம்.

விதையை எடுத்து வைக்கும் முறையை மட்டும் சொல்லி முடிக்கிறோம். காய் பழுப்பாகி வாய் விரியத் தொடங்கும்போது, பனி உலர்ந்த பிற்பகலில் காம்போடு கிள்ளி, மடித்த வெள்ளைத்தாளில் தலைகீழாகத் தட்டினால் விதை உதிரும். சருகை ஊதி நீக்கிவிடலாம், ஆனால் மின்விசிறியின் கீழ் இருந்து இவ்வேலையைச் செய்தால் விதையும் பறந்துபோகும். இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, வழவழப்பான வெண்ணெய்த்தாளைப் பொட்டலமாக மடித்து அதில் இட்டு, ஈரமில்லாத டப்பியில் குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும். பாலிதீன் உறையில் இட்டால் விதை அதன் பக்கங்களில் ஒட்டிக்கொண்டு வராது. தபாலில் அனுப்புவதாயின் பொட்டலத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புக, முத்திரை இயந்திரத்தில் நசுங்காதிருக்கும். பொட்டலத்தின் மேல் செடியின் பெயர், விதை எடுத்த மாதமும் வருஷமும், முதல்விதை எந்த ஏரியோரத்தைச் சேர்ந்தது, தொட்டியில் எத்தனையாவது தலைமுறை என்பனவற்றை மையினால் எழுதி, கொடுத்ததன் பிரதி ஒன்றைத் தம் குறிப்புப் புத்தகத்திலும் வைத்துக்கொள்ளவேண்டும்.